ஒரு காய் ஃபைன்!

பொங்கலுக்கு எல்லார் வீட்டிலும் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். எங்கள் வீட்டில் எனக்கு அடித்திருந்தது.

காணும் பொங்கல் ராத்திரி பத்தேகாலுக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது தலை, மீசை, சட்டைப் பை எல்லாம் வெளேரென்று போரிக் பவுடர். கதவைத் திறந்த மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாவு மில்லுல வேலை கெடைச்சிருச்சா? சொல்லவே இல்லியே!" என்றாள். குரலில் லேசான நம்பிக்கை. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனைக் கட்டிக்கொண்டவளுக்கு மாவு மில் என்றாலும் சந்தோஷம்தான்.

வேலை எதுவும் இல்லை. இரண்டு நாள் கேரம் போர்டு டோர்னமெண்ட். நடத்தியவன் அடியேன்.

எங்கள் ஊர் நெரவி. "எங்கே சார் இருக்கு?" என்பீர்கள். காரைக்காலுக்குத் தெற்குப் பக்கம். ஓ.என்.ஜி.சி. அலுவலகம் இருக்கிற ஊர் என்றால் சிலர் தலையாட்டுவார்கள். சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் நாங்கள் மட்டும் புதுச்சேரி. 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பூமி. அதன் மிச்சமாக இன்னும் சில வீடுகளுக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. எங்கள் டோர்னமெண்டை வருஷா வருஷம் தொடங்கி வைப்பவரும் அப்படி ஒரு பென்ஷன் தாத்தாதான். முதல் அடியை அவர்தான் அடிப்பார். ஸ்ட்ரைக்கர் போர்டைத் தாண்டிப் பறக்கும். நாங்கள் கை தட்டுவோம். போன வருஷம் அது நேராகச் சுண்டல் பாத்திரத்தில் போய் விழுந்தது. அன்றைக்கு எல்லாரும் பார்த்த ஒரே சுத்தமான பாக்கெட் அதுதான் என்று இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

இடம், ஓடாத ரைஸ் மில் ஒன்றின் கொட்டகை. ஆறு போர்டு. 48 ஆட்டக்காரர்கள். என்ட்ரி ஃபீஸ் தலைக்கு நூறு ரூபாய்.

இதென்ன பெரிய விஷயம், எங்கள் ஆபீசில் லஞ்ச் டயத்தில் ஆடாத ஆட்டமா என்று நினைப்பீர்கள். ஆபீசில் ஆடுவது வேறு சார். அங்கே மானேஜர் அடித்தால் எல்லாமே நல்ல ஷாட். டோர்னமெண்ட் என்று போர்டு எழுதி வாசலில் மாட்டிவிட்டால் சட்டம் வந்துவிடுகிறது.

கேரமுக்குப் பெரிய சட்டப் புத்தகமே இருக்கிறது. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் ஆரம்பிக்கப்பட்டதே நம்ம சென்னையில்தான். போர்டின் ஆடும் பரப்பு 73.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 74-ஐத் தாண்டக் கூடாது. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது. முழு வேகத்தில் அடித்தால் ஸ்ட்ரைக்கர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்றரை தடவை ஓட வேண்டும். அப்போதுதான் அது நல்ல போர்டு.

மூன்றரை தடவை! தை மாசப் பனியில், கடலை ஒட்டின ஊரில், ஒன்றரை தடவை ஓடினாலே நாங்கள் குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைப்போம். ராத்திரி ஏழு மணிக்கு மேல் பலகை நமுத்துவிடும். பவுடர் போட்டால் அப்படியே ஒட்டிக்கொண்டு தோசை மாவு மாதிரி திரளும். அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. போர்டுக்கு மேலே 100 வாட் குண்டு பல்பு தொங்கும். அந்தச் சூட்டிலேயே பலகை காய்ந்து கிடக்கும். இப்போது எல்லாம் எல்.இ.டி. வெளிச்சம் ஜோராக இருக்கிறது, சூடுதான் இல்லை. கரண்ட் பில்லில் மிச்சம், ஆட்டத்தில் நட்டம். அதனால் காரைக்கால் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, "குண்டு பல்பு இருக்கா?" என்று கேட்டேன். ஒரு கடைக்காரர், "எதுக்கு சார், கோழிக்குஞ்சு வளர்க்கப் போறீங்களா?" என்றார்.

இதெல்லாம் பொருட்களோடு படும் பாடு. காசு கொடுத்தால் தீரும். மனுஷர்களோடு படும் பாடுதான் இந்த வாரக் கதை.

* * *

போன வருஷம் வரைக்கும் நாங்கள் நடத்தியது நாக்-அவுட். தோற்றால் வீட்டுக்கு. 48 பேர் என்றால் 47 மேட்ச். ஏன் 47? ஒவ்வொரு மேட்சிலும் ஒருத்தர் வெளியே போகிறார். கடைசியில் ஒருத்தர் மிஞ்ச வேண்டும் என்றால் 47 பேர் தோற்றாக வேண்டும். இந்தக் கணக்குக்கு பி.காம். கூட வேண்டாம்.

ஆனால் இதே கணக்கை மல்லாத்திப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். டோர்னமெண்ட் நடத்துகிறவன் இரண்டு நாளில் 47 பேரைத் தோற்கடித்து அனுப்புகிறான். கப் வாங்கினவன் அடுத்த வருஷம் தானாக வருவான். அந்த 47 பேரும் வர வேண்டுமே? "தோத்தேன், ஆனா சரியாத்தான் தோத்தேன்" என்று நினைத்தால் வருவார்கள். இல்லாவிட்டால் மாட்டார்கள்.

போன வருஷம் ஒருத்தர் அப்படி நினைக்கவில்லை. அதற்குக் காரணம் நான்.

அவரை நாங்கள் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். தையல்கடை வைத்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். கத்தரி பிடித்த விரல் என்பதால் கட் ஷாட் பிரமாதமாக வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சட்டைப் பையில் சொந்த ஸ்ட்ரைக்கர், அதற்கு வெல்வெட் துணியில் தானே தைத்த உறை.

கால் இறுதியில் நானாவுக்கு எதிரே ஹார்டுவேர் கடை மாமாவின் பையன். காலேஜ் முடித்த பிள்ளை, நல்ல ஆட்டக்காரன். கூடுதல் தகுதி, அப்பாதான் டோர்னமெண்டுக்கு ஐயாயிரம் ரூபாயும் கப்பும் கொடுக்கிறவர். அம்பயர் நாற்காலியில் நான்.

கேம் ஆளுக்கு ஒன்று. மூன்றாவது கேம், எட்டாவது போர்டு. 19-க்கு 19. ஒரு கேமுக்கு 25 புள்ளி, அல்லது எட்டு போர்டு. எது முந்துகிறதோ அதோடு முடிந்தது. ஆக இதுதான் கடைசி போர்டு. ரெட் போயாச்சு. நானாவுக்கு ஒரு காய், பையனுக்கு ஒரு காய். அடி பையனுடையது.

உங்களுக்கே தெரியும். ஸ்ட்ரைக்கர் வைக்கும் இரட்டைக் கோட்டின் இரண்டு முனையிலும் சிவப்பு வட்டம் இருக்கும். ஸ்ட்ரைக்கரை வட்டத்தின் மேல் வைத்தால் முழுசாக மூட வேண்டும். இல்லையென்றால் தொடாமல் வைக்க வேண்டும். பாதி மூடினால் பவுல். பையன் பாதி மூடினான். அந்தக் கோணத்தில்தான் காய் நேராக விழும்.

நான் பார்த்தேன்.

பார்த்தவன் வாயைத் திறந்து 'பவுல்' என்று சொல்லியிருந்தால் ஒரு காய் ஃபைன், அடி நானாவின் கைக்கு. சொல்லவில்லை. மணி பத்தரை ஆகிவிட்டது, மைக் செட் ஆள் கிளம்ப வேண்டும் என்கிறான், பின்னால் மாமா கை கட்டிக்கொண்டு நிற்கிறார்... ஆயிரம் காரணம். எல்லாம் அரை செகண்டில் மனசுக்குள் ஓடியது. அதற்குள் காய் விழுந்துவிட்டது. கொட்டகையே கை தட்டியது.

நானா என்னைப் பார்த்தார். ஒரு பார்வை, அவ்வளவுதான். பிறகு ஸ்ட்ரைக்கரைத் துடைத்து உறையில் போட்டு, பையனுக்குக் கை கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு, "அம்பயர் முடிவே இறுதி முடிவு" என்று தப்பித்திருப்பேன்.

அந்த வருஷம் கப் பையனுக்கு.

* * *

அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் பட்ட பாடு இருக்கிறதே! பெரிய ஊர் என்றால் கண்ணில் படாமல் சுற்றலாம். நெரவியில் எங்கே போவது? தீபாவளிக்கு பேண்ட் தைக்கக் கொடுத்தேன். நானா அளவெடுத்தார், தைத்தார், சொன்ன தேதிக்குக் கொடுத்தார், காசு வாங்கிக்கொண்டார். "டீ சாப்பிடுறீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்கவில்லை. அதுவரைக்கும் கேட்காமல் அனுப்பியதே இல்லை.

மார்கழியில் பேர் கொடுக்கிற நோட்டு திறந்தோம். ஒவ்வொரு வருஷமும் முதல் பேர் நானாவுடையது. இந்தத் தடவை முதல் பக்கம் நிரம்பியும் அவர் பேர் இல்லை.

ஒரு மத்தியானம் கடைக்குப் போனேன். கையில் சாக்குக்கு ஒரு பேண்ட். இடுப்பு கொஞ்சம் இறுக்கம் என்பது உண்மையும்கூட.

"நானா, இந்த வருஷம் பேர் குடுக்கலியே..."

"கண்ணு சரியில்ல தம்பி. நூல் கோக்கவே கஷ்டமா இருக்கு." மிஷினை நிறுத்தவில்லை.

"நானா, அன்னிக்கு அது பவுல்."

மிஷின் நின்றது.

"வட்டத்துல பாதி இருந்துச்சு. நான் பாத்தேன். சொல்லலை."

கொஞ்ச நேரம் அவர் துணியிலேயே விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். எதிர்க் கடையில் யாரோ பாட்டை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் தம்பி. நீங்க பாத்தீங்களா, பாக்கலியான்னு. ஒரு வருஷமா அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். பாக்கலேன்னா சரி, மனுஷன் கண்ணு, தவறும். இப்ப பாத்தேன்னு சொல்லிட்டீங்க" என்றவர், மிஷினுக்கு எண்ணெய் விட்டார். "தோத்ததுக்கு இல்ல தம்பி. எத்தனையோ தடவ தோத்திருக்கேன்."

கடைசியில், "டீ சாப்பிடுறீங்களா?" என்றார்.

அந்த டீயில் சர்க்கரையே இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கிளாஸ் குடித்தேன்.

* * *

அன்று மாலையே ஹார்டுவேர் கடை மாமாவிடமும் போய்ச் சொன்னேன். (வீரம் வந்தால் உடனே செலவழித்துவிட வேண்டும். ராத்திரி தூங்கினால் போய்விடும்.) அவர் முழுக்கக் கேட்டார். ஆணி நிறுத்துக்கொண்டே, "அப்ப என் புள்ள திருட்டாட்டம் ஆடுனான்னு சொல்றீங்க" என்றார்.

"இல்ல மாமா. தப்பு அம்பயருது. அவன் வச்சான். நான் பாத்துட்டுச் சும்மா இருந்தேன்."

"கப்பு வீட்டு அலமாரியில இருக்கு. வேணும்னா ஆள அனுப்பி எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். நான் எடுக்கவில்லை. இந்த வருஷ ஐயாயிரத்தை அவரும் எடுக்கவில்லை. கணக்கு நேர்.

ஐயாயிரம் போனதும் புத்தி வந்தது. ஆட்ட முறையையே மாற்றினேன். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, வேட்டி கட்டின குதிரை 'தம்பி' கூட ஊரெல்லாம் வணக்கம் போட்டதே, அங்கே பதினோரு ரவுண்டும் சுவிஸ் முறை. 1895-ல் ஜூரிச்சில் ஆரம்பித்த பழக்கம். யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். ஜெயித்தவனுக்கு அடுத்த ரவுண்டில் ஜெயித்தவன் ஜோடி, தோற்றவனுக்குத் தோற்றவன் ஜோடி. எல்லாருக்கும் எல்லா ரவுண்டும் உண்டு.

கணக்குப் போட்டேன். பழைய முறையில் மூன்று கேம் மேட்ச். இரண்டு ரவுண்டு முடிவதற்குள் 48-ல் 32 பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நூறு ரூபாய் கொடுத்துவிட்டு ஒரே மேட்சோடு பனியில் நடந்து போகிறவன் மனசு எப்படி இருக்கும்? புது முறையில் ஒரே கேம், ஐந்து ரவுண்டு. ரவுண்டுக்கு 24 ஆட்டம், ஆறு போர்டில் நாலு ஷிப்ட், ஷிப்டுக்கு அரை மணி, ஆக இரண்டு மணி நேரம். மொத்தம் பத்து மணி நேரம். அப்புறம் முதல் நாலு பேருக்கு அரை இறுதி. இரண்டு நாளில் தாராளமாக முடியும்.

கூட்டத்தில் சொன்னேன். "தோத்தவனும் ஆடுவானா? அப்ப எதுக்கு ஜெயிக்கணும்?" என்றார் பென்ஷன் தாத்தா. விளக்க அரை மணி ஆனது. எல்லாம் கேட்டுவிட்டு, "சுவிட்சர்லாந்து பிரான்சுக்குப் பக்கத்துலதான். தப்பா இருக்காது" என்று சம்மதம் கொடுத்தார்.

பேர் கொடுப்பது சூடு பிடித்தது. வழக்கமான கூட்டத்தோடு இரண்டு காலேஜ் பெண்களும் வந்தார்கள். ஒரு பெரியவர் முகம் சுளித்தார். நான் அவரிடம், 2008-ல் உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகியைச் சொன்னேன். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய சென்னை காசிமாவைச் சொன்னேன். ஆட்டோ ஓட்டுகிறவர் மகள். பெரியவருக்குத் தெரிந்தது 1991-லும் 1995-லும் உலக சாம்பியனான மரிய இருதயம் மட்டும்தான். எங்கள் ஊர் இளவட்டங்களுக்குத் தெரிந்த ஒரே கேரம் சாம்பியன் 'வடசென்னை' தனுஷ். ஆளுக்கு ஒரு சாம்பியன்.

நானா பேர் மட்டும் கடைசி வரை வரவில்லை. போகியன்று சாயங்காலம் சைக்கிளில் வந்தார்.

"ஆட வரலை தம்பி, கண்ணு நெஜமாவே சரியில்ல. ஆனா புதுக் கண்ணாடி போட்டா பக்கத்துல இருக்கிறது தெரியுது. அம்பயர் ஆள் வேணுமா?"

அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஹார்டுவேர் கடைப் பையன் நூறு ரூபாயோடு வந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தான்.

"நான் ஆடலாம்ல அண்ணே?"

"எழுதுப்பா" என்றார் நானா, நான் வாயைத் திறப்பதற்குள்.

* * *

மாட்டுப் பொங்கல் சாயங்காலம். இரண்டாவது ரவுண்டு. நான் எவ்வளவோ ஷிப்ட் மாற்றிப் பார்த்தேன், முடியவில்லை. நாலாம் நம்பர் போர்டு, அம்பயர் நாற்காலியில் நானா, ஆட்டத்தில் அந்தப் பையன். கொட்டகையில் பாதி கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. மாமாவும் வாசல் தூணுக்குப் பின்னால் நின்றார். கை கட்டியிருக்கவில்லை.

பையனுக்கு எதிரே அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி. நல்ல ஆட்டம். 20-க்கு 18 என்று இழுபறி. கடைசி போர்டில் ஒரு கட் ஷாட். காய் ஓரத்தில். வட்டத்தின் மேல் பாதி வைத்தால் நேராக விழும். வேறு எப்படி வைத்தாலும் சந்தேகம்.

பையன் ஸ்ட்ரைக்கரை வைத்தான். பாதி வட்டத்தில்.

எனக்கு மூச்சு நின்றது. நானா வாய் திறக்கவில்லை. அடிக்காதவரை பவுல் இல்லையே! கண்ணாடியை மட்டும் கொஞ்சம் ஏற்றிவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

பையன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பிறகு ஒரு விரலால் ஸ்ட்ரைக்கரை மெதுவாக, வட்டத்தை விட்டு வெளியே தள்ளினான். ஒரு நூல் இடைவெளி தெரிகிற அளவுக்கு.

அடித்தான். காய் விழவில்லை. அந்தப் பெண் அடுத்த அடியிலேயே முடித்துவிட்டாள்.

கொட்டகையில் கை தட்டல் ஒரு கணம் தாமதமாகத்தான் வந்தது. மாமாதான் முதலில் தட்டினார் என்று தாத்தா சொல்கிறார். எனக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. கண்ணில் போரிக் பவுடர்.

பழைய முறை என்றால் பையன் அத்தோடு வீட்டுக்கு. சுவிஸ் புண்ணியத்தில் இன்னும் மூன்று ரவுண்டு ஆடி, மூன்றிலும் ஜெயித்து ஆறாவதாக வந்தான். அந்தப் பெண் ஒன்பதாவது. முதல் பரிசு திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்த ஒரு மெக்கானிக் தம்பிக்கு.

இப்போது வரவு செலவு. வரவு, 48 பேர் தலா 100, ஆக 4,800. செலவு: பரிசு 3,000, பவுடர் 480, டீ, சுண்டல் 1,450, மைக் செட் 800, குண்டு பல்பு, ஹோல்டர், ஒயர் 360. மொத்தம் 6,090. துண்டு 1,290 என் பாக்கெட்டிலிருந்து. மனைவி இதற்கு 'வாராக்கடன்' என்று பேர் வைத்திருக்கிறாள்.

ஆனால் எனக்குப் பெரிய ஆசை வந்துவிட்டது. அமெரிக்காவில் ஜென் கான் என்று ஒரு விளையாட்டுத் திருவிழா. போர்டு ஆட்டங்களுக்காகவே வருஷா வருஷம் கூடுகிறார்கள். 2023-ல் 70,000 பேருக்கு மேல் வந்தார்களாம். அது 1968-ல் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் ஆரம்பித்தபோது வந்தவர்கள் சுமார் நூறு பேர். நாங்கள் இப்போதே 48. இன்னும் 52 பேர்தான் பாக்கி.

மறுநாள் பேண்ட் வாங்கப் போனேன். நானா பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். காசு நீட்டினேன். வாங்கிக்கொண்டார். டீ வந்தது.

"இடுப்பு ரெண்டு இஞ்ச் விட்டிருக்கேன் தம்பி" என்றார். "அடுத்த வருஷம் என் பேரை மொதல்ல எழுதிக்குங்க. ஆடத்தான். நீங்களும் பேர் குடுங்க. அம்பயர் நாற்காலியிலேயே உக்காந்திருந்தா உங்களுக்கு இந்தத் துணி பத்தாது!"